தெருவில் நிற்கும் பாணன்

கோவையிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலையிலே, பொன்மலைக் குன்றின் அடியிலே கிடக்கிறது கிணத்துக்கடவு. அதன் கடைவீதியிலே உறுமியைத் தோளில் மாட்டியபடி ஒருவன் வருகிறான். வளைந்த குச்சி தோலில் உராய்கிறது, உறுமி விம்முகிறது. ஒரு கடையின் முன் நிற்கிறான், வாசிக்கிறான், காத்திருக்கிறான். கடைக்காரர் கணக்கேட்டினின்று தலை தூக்கவில்லை. அடுத்த கடை! அங்கே ஒரு நாணயம் விழுகிறது, இசைக்காக அல்ல, நகர்ந்து போவதற்காக! வெயில் ஏறுகிறது, இறங்குகிறது. கை நிறையவில்லை, கால் ஓய்கிறது. நாளையும் இதே வீதி, இதே காத்திருப்பு.

"பிச்சைக்காரன்" என்கிறோம் அவனை. வரலாறு அவனை அப்படியா அழைத்தது?

பத்துப்பாட்டைப் புரட்டுங்கள். பத்தில் நான்கு நூல்கள் பொருநனையும் பாணனையும் கூத்தனையும் வள்ளலிடம் வழிகாட்டி அனுப்பும் ஆற்றுப்படைகள். யாழேந்திய பாணனுக்கு மன்னர் பொற்றாமரை சூட்டினர். விறலியர்க்கு அணிகலன் அளித்தனர். பாணனும் பறையனும் துடியனும் கடம்பனுமே குடிகள் எனப் பெருமிதத்தோடு எண்ணுகிறது ஒரு புறப்பாட்டு.

ஆயினும், அந்நாளைப் பொற்காலம் என்று போற்றிவிட்டுப் போகலாமா? கூடாது! சிறுபாணாற்றுப்படையிலே பாணன் வீட்டு அடுக்களையைக் காண்கிறோம். அங்கே நாய் குட்டி ஈன்று கிடக்கிறது. குப்பையில் முளைத்த கீரையை உப்பின்றி வேகவைக்கிறாள் அவன் மனைவி. அயலார் கண்டால் நாணமென்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். அன்றும் கலைஞனின் அடுப்பு வள்ளலின் மனத்தைப் பொறுத்தே எரிந்தது. எனினும் ஒன்று உண்டு: அவன் வறியவனாக இருந்தான், இழிந்தவனாக எண்ணப்படவில்லை.

இழிவு எப்போது வந்தது? சாதி வந்து வாயிலில் நின்றபோது வந்தது! திருப்பாணாழ்வார் கதையைப் பாருங்கள். அரங்கனைப் பாடியவர் அரங்கத்துள் புகவில்லை. காவிரிக் கரையிலே நின்றார். கல்லெறி பட்டார். பின்னர் இறைவன் ஆணையால் உலோகசாரங்கர் அவரைத் தோளிலே சுமந்து சென்றார் என்கிறது அக்கதை. நல்லது, ஒருவரைத் தோளில் ஏற்றினார்கள். அவருடைய குலத்தவர் தம் காலால் நடந்து போக வழி விட்டார்களா? சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் 1947இல் அல்லவா வந்தது!

தஞ்சைப் பெரிய கோயிலில் பதிகம் பாட 48 பேரையும், உடன் முழக்க இருவரையும் இராசராசன் அமர்த்தினான்; நாளொன்றுக்கு ஆளுக்கு முக்குறுணி நெல் என்று கல்லிலே வெட்டுவித்தான். உள்ளே பாடியவருக்கு அளந்த கூலி. வெளியே பாடியவருக்கு நீட்டிய கை. யாழும் மெல்ல மறைந்தது. விபுலானந்த அடிகள் ஆண்டுகள் பல உழைத்து 1947இல் "யாழ் நூல்" வெளியிட்டுத்தான் அதன் இலக்கணத்தை மீட்க வேண்டியிருந்தது. கருவியை மீட்கப் பேரறிஞர் தோன்றினார்; கருவி ஏந்தியவனை மீட்க யார் தோன்றினார்?

கொங்கு நாட்டின் அண்ணன்மார் கதையை உடுக்கையடித்து இரவிரவாகப் பாடியவர்கள் சிற்றூர்க் கலைஞர்களே. 1965இல் பிரெண்டா பெக் என்னும் மேலைநாட்டு ஆய்வாளர் காங்கயம் வட்டாரத்திலே தங்கி அதனை ஒலிநாடாவில் பதிவு செய்தார். கடல் கடந்து வந்தவருக்குக் கருவூலமாகத் தெரிந்தது, கடைவீதியில் நிற்பவருக்குக் காதிரைச்சலாகத் தெரிகிறதே!

சட்டம் என்ன சொல்லிற்று? பம்பாயின் 1959ஆம் ஆண்டுப் பிச்சைத் தடைச் சட்டம், பாடுவதையும் ஆடுவதையும் பிச்சைக்கான பாசாங்குகளின் பட்டியலில் சேர்த்தது. பாட்டு பாசாங்காம்! தில்லிக்கும் விரிவாக்கப்பட்டிருந்த அச்சட்டத்தில் பிச்சையைக் குற்றமாக்கிய பிரிவுகள் செல்லாவென்று 2018இல் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரங்கத்தில் பாடினால் கலை. அரச மரத்தடியில் பாடினால் குற்றமா?

சுயமரியாதை இயக்கத்தின் தொடக்க நாள்களிலே, செட்டிநாட்டுத் திருமண ஊர்வலமொன்றில் நாதசுரக் கலைஞர் சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டு வாசித்தார். எடு என்றனர் சாதித் திமிர் கொண்டோர். எடுக்காதே என்றார் பட்டுக்கோட்டை அழகிரி. அந்தத் துண்டு வெறும் துணியன்று, கலைஞனின் மானம்!

அந்த மானம் கிணத்துக்கடவுக் கடைவீதி வரை வந்து சேர வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர்க்கு நலவாரியம் இருக்கிறது, நன்று. ஊர் ஊராய் அலைபவன் பெயர் அதன் ஏட்டில் ஏற வேண்டும். அவன் பிள்ளை பள்ளியில் அமர வேண்டும். உறுமி அப்பிள்ளையின் விருப்பமாகலாம், விதியாகக் கூடாது. நம்மால் ஆவது ஒன்றுண்டு, தோழர்களே! அவன் வாசிக்கும்போது தலை தூக்கிக் கேளுங்கள். தருவதைக் கூலி என்று தாருங்கள். பிச்சை என்று வீசாதீர்கள். அவன் கேட்பது இரக்கமன்று; ஈராயிரம் ஆண்டுக் கணக்கின் பாக்கி!