மந்தாகினியின் புலப்பாடு: பொன்னியின் செல்வனில் உடற்குறையும் கதையமைப்பும்

கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த, எழுத்தாளர் கல்கியின் பொன்னியின் செல்வன் நாவலில் மந்தாகினி செவிப்புலனும் பேச்சும் அற்றவளாகப் படைக்கப்பட்டிருக்கிறாள். கதைமாந்தர் அவளை ஊமை ராணி என்றே குறிப்பிடுகின்றனர். தியாகத்தின் வடிவமாக வாசகர் மனத்தில் நிலைத்துவிட்ட இப்பாத்திரம், கருத்தைப் புலப்படுத்தும் ஆற்றலில் எவருக்கும் குறைந்ததன்று என்பதும், அவள் வாழ்வைக் குலைப்பது பேசத் தெரிந்தவர்களின் மறைப்பே என்பதும், ஆயினும் நாவலின் இறுதிப்பகுதி இந்நுட்பத்தைக் கைவிட்டுவிடுகிறது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்துகள்.

அநுராதபுரப் பகுதி இதற்கு முதன்மைச் சான்று. இடிந்து விழவிருந்த மாளிகையிலிருந்து சோழ இளவரசன் அருள்மொழிவர்மனையும் உடனிருந்தோரையும் சைகையாலேயே வெளியே அழைத்துவரும் மந்தாகினி, பின்னர்ச் சித்திரங்களைக் காட்டித் தன் வாழ்வை விளக்குகிறாள். தீவில் கரடியிடமிருந்து இளைஞன் ஒருவனைக் காத்தது, அவனே முடிதரித்த அரசனாக நிற்கக் கண்டது, கலங்கரை விளக்கிலிருந்து கடலில் குதித்தது, உயிர் பிழைத்து இரு குழந்தைகளைப் பெற்றது, காவிரியில் விழுந்த சிறுவனைக் கரைசேர்த்தது என நிகழ்வுகள் வரிசைப்பட அமைந்த அது, ஒரு முழுமையான தன்வரலாறு. அவளுடைய மருமகள் பூங்குழலிக்கு அச்சைகைகள் அன்றாட வழக்கு. சோழ அரண்மனைக்கோ அவை புதிர். குழந்தைகளின் தந்தை யார் என்னும் இடைவெளியைப் பிறர் தத்தம் ஊகத்தால் நிரப்பிக்கொள்வதால்தான், அக்குழந்தைகளுள் ஒருத்தியான நந்தினி, அவள் தீவில் காத்த இளைஞனாகிய மன்னர் சுந்தர சோழரின் மகள் என்னும் பிழையான முடிவு பலரிடம் பரவுகிறது.

மறைப்பின் கொடுமை அநிருத்தரிடம் வெளிப்படுகிறது. மந்தாகினி பிழைத்ததை அறிந்தும் முதன்மந்திரி அதை மன்னரிடம் சொல்லாததால், சுந்தர சோழர் தம்மால் ஒருத்தி மாண்டாள் என்றே பல்லாண்டுகள் வருந்துகிறார். நந்தினி ஆவியாக நடித்து அவரை வதைக்கவும் அப்பொய்யே வழிசெய்கிறது. நாவலின் மிகப் பெரிய மௌனம் சொல்வன்மை மிக்க ஓர் அமைச்சருடையது என்பது கவனத்திற்குரியது.

உடற்குறையைக் கதை தாங்கிக்கொள்ளும் கோலாகப் பயன்படுத்தும் போக்கை, டேவிட் மிட்செல், ஷாரன் ஸ்னைடர் இருவரும் 2000இல் வெளியிட்ட நூலில் 'கதை ஊன்றுகோல்' என்று பொருள்படும் தொடரால் விளக்கினர். குறையே கதையை நகர்த்தும், முடிவில் அது குணமாக்கப்படும் அல்லது நீக்கப்படும் என்பது அதன் சாரம். கல்கியின் மற்றொரு நாவலான பார்த்திபன் கனவின் ஒற்றைக்கைக் கபால பைரவரில் குறை தீமையின் அடையாளமாகவே நின்றுவிடுகிறது. மந்தாகினி அதைவிட எவ்வளவோ உயர்ந்த படைப்பு. எனினும் மன்னரை நோக்கி எறியப்பட்ட வேலைத் தன்மேல் ஏற்று அவள் விழ, கால் முடங்கிக் கிடந்த சுந்தர சோழர் எழுந்து நிற்கிறார். ஒரே காட்சியில் ஒரு குறை உயிரோடு நீங்குகிறது, மற்றொன்று குணமாகிறது. அவளுக்குக் கோயில் எழுப்புவது மன்னரின் நன்றிக்கடனாகலாம். சித்திரம் தீட்டித் தன் கதையைத் தானே சொன்னவள், அதன்பின் பிறர் சொல்லும் கதையில் தெய்வமாகிவிடுகிறாள்.

இக்காட்சியின் உருக்கத்தில் வாணி அம்மை மறக்கப்படுகிறாள். மந்தாகினியின் தங்கையான அவளும் பேசாதவள். தஞ்சைக்கு அருகே நந்தவனம் பேணிச் சேந்தன் அமுதனை வளர்த்து ஆளாக்கியவள். பிழைத்து வாழும் இவ்வுறுதியைக் கல்கி அறிந்தே வைத்திருந்தார். எனினும் அதற்கு மிகச் சில பக்கங்களையே ஒதுக்கினார்.