இரைச்சலோடு போராடிய செயற்கைச் செவி

செவிப்புலன் அடியோடு அற்றுப்போனவர்க்கு மின்சாரத்தின் வாயிலாக ஒலியுணர்ச்சியை அளிக்கலாம் என்பதை, 1957-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஆந்திரே ஜூர்னோ என்னும் உடலியல் அறிஞரும் சார்ல் ஏரியேஸ் என்னும் வைத்தியரும், ஒரு நோயாளியின் செவி நரம்பருகே கம்பியைப் பதித்து நிரூபித்தார்கள். நான்காண்டுகளுக்குப் பின் லாஸ் ஏஞ்சல்ஸில் வில்லியம் ஹௌஸ் அம்மார்க்கத்திலேயே முயன்றார். ஒற்றைக் கம்பியினால் பேச்சின் தாளம் புலப்பட்டதேயன்றிச் சொற்கள் தெளியவில்லை.

மருந்துக்கடை நடத்திய தம் தந்தையார் காது மந்தத்தினால் பட்ட சங்கடத்தைப் பால்யத்திலேயே கண்டு வருந்திய ஆஸ்திரேலிய வைத்தியர் கிரேம் கிளார்க், உட்செவியிலுள்ள காக்ளியாவின் நுண்ணிய சுருளுக்குள் பல மின்முனைகளைச் சேதமின்றிச் செலுத்தும் உபாயத்தை நெடுநாள் தேடி, கடற்கரையில் கிடைத்த சங்கொன்றினுள் புல்லிதழை நுழைத்துப் பார்த்து, நுனி துவண்டும் அடி விறைத்தும் இருப்பதே ஆழமாக உட்செல்லும் என்று கண்டு, 1978 ஆகஸ்டில் மெல்போர்னில் தம் முதல் சிகிச்சையை நிகழ்த்தினார்.

அவர் பொருத்திய கருவி அமைதியான அறையில் உதவியது, சந்தடியில் தடுமாறியது. குரலின் அடிப்படை அதிர்வையும், உயிரொலியை இனங்காட்டும் மற்றோர் அதிர்வையும் மாத்திரம் பொறுக்கி நரம்புக்கு அனுப்புமாறு அது வகுக்கப்பட்டிருந்தபடியால், பாத்திரங்களின் ஓசையும் பிறர் பேச்சும் கலந்தவிடத்துப் பிழையானதைப் பொறுக்கிற்று.

1991-இல் அமெரிக்காவின் பிளேக் வில்சனும் அவர் சகாக்களும் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்ட முறையோ எதையும் பொறுக்கவில்லை. ஒலியைப் பல பட்டைகளாகப் பகுத்து, ஒவ்வொன்றின் ஏற்றத்தாழ்வையும், ஒரு மின்முனையின் துடிப்பு மற்றொன்றோடு மோதாதபடி அடுத்தடுத்து, அதிவிரைவாக அனுப்பியது. மூளை செய்யவேண்டிய தெரிவை யந்திரம் அபகரிக்காமல் விட்ட இத்தீர்மானத்தையே, அறுவைச் சாதனைகளினும் மேலாக நான் மதிக்கிறேன்.

பின்னர் இரு மைக்குகள் வந்தன. எதிரே பேசுபவர் குரலை ஏற்று, பின்புறத்து ஆரவாரத்தைத் தணித்தன. ஒவ்வொரு மின்முனைக்கும் கேட்கத் தொடங்கும் அளவையும் இதமான உச்ச அளவையும் அவரவர் செவிக்கேற்ப நிர்ணயிக்கும் ‘மேப்பிங்’, சந்தடிக்கென்றே தனித் திட்டம் வகுத்துக்கொள்ளவும் இடமளித்தது. ஆயினும் இயற்கைச் செவியின் சுமார் 3,500 உள்மயிரணுக்களின் பணியை ஏறக்குறைய 22 மின்முனைகள் முற்றும் ஏற்றல் இயலாது. ஆகவேதான் 1990-களிலிருந்து இரு காதுகளிலும் கருவி பொருத்தும் வழக்கம் பரவலாயிற்று: இரைச்சல் ஒருபுறமிருந்து வருங்கால், தலையே மறைப்பாகி, மறுபுறத்துச் செவிக்குப் பேச்சைத் தெளிவாக்குகிறது.