வேகம் இந்த வருஷக் கணக்கில், பிரேக் அடுத்த வருஷக் கணக்கில்

போன செமஸ்டரில் அக்கவுண்டன்சி வகுப்பில் 'மேட்சிங் கான்செப்ட்' நடத்தினார்கள். பி.காம். மக்களுக்குத் தெரிந்த சங்கதிதான். மற்றவர்களுக்காக ரெண்டு வரி: ஒரு வருமானத்தை எந்த வருஷத்தில் எழுதுகிறோமோ, அதைச் சம்பாதிக்க ஆன செலவையும் அதே வருஷத்தில் எழுத வேண்டும். வருமானத்தை இப்போது காட்டிவிட்டு, செலவை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டால் லாபம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பொய்.

அந்த வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவன் டெஸ்க்குக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு டெஸ்லா மாடல் எஸ் பிளேய்ட் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். "ஆயிரத்து இருபது ஹார்ஸ்பவர் மச்சி, ரெண்டு செகண்டுல நூறு!" என்றான். "சரிடா, நிக்க எவ்ளோ நேரம் ஆகும்?" என்று சும்மாதான் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. தேடப் போய் மாட்டியதுதான் இந்தப் பதிவு. (காமர்ஸ்காரனுக்கு பிரேக்கைப் பற்றி என்ன தெரியும் என்கிறீர்களா? படித்துவிட்டுத் திட்டுங்கள் :-))

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பந்தயத் தடத்தில் ஒரு நீளமான நேர்பாதையின் கடைசியில் கார் 250 கி.மீ. வேகத்தில் வருகிறது. வளைவுக்குள் நுழைய 80க்குக் குறைக்க வேண்டும். காரின் எடை, ஆளோடு சேர்த்து 2,200 கிலோ என்று வையுங்கள். இதில் காரிடமிருந்து பிடுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 4.8 மெகாஜூல். கரண்ட் பில் பாஷையில் 1.3 யூனிட். பதினாறு லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதி நிலைக்குக் கொண்டுவர இது போதும். அத்தனையும் நான்கைந்து விநாடியில் நடக்க வேண்டும். அடுத்த வளைவில் மறுபடியும், அதற்கடுத்ததிலும் அதேதான்.

இந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? பிரேக்கின் மொத்த வரலாறும் இந்த ஒரு கேள்விதான்.

பழைய கார்களில் டிரம் பிரேக். மூடிய உருளைக்குள் இருந்து ஷூ வெளிப்பக்கமாகத் தள்ளி உரசும். சூடானால் உருளை விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகும். மூடியிருப்பதால் சூடும் வெளியேறாது. ஓட்டுநர் மிதித்துக்கொண்டே இருப்பார், கார் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். மலைப்பாதையில் இறங்கும் பஸ்ஸில் ஒரு கருகல் வாடை வருமே, அதன் முற்றிய நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விமானங்களுக்காக டிஸ்க் பிரேக் செய்துகொண்டிருந்த டன்லப் நிறுவனமும் ஜாகுவாரும் சேர்ந்து அதைப் பந்தயக் காருக்குக் கொண்டுவந்தார்கள். டிஸ்க் காற்றில் திறந்தபடி சுழலும். சூட்டில் தடித்தாலும் பேடை நோக்கித்தான் தடிக்கும், விலகாது. சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் இதை ஓட்டி ஓட்டிச் சரிசெய்தார். 1952ல் பிரான்சின் ரேம்ஸ் பந்தயத்தில் ஸ்டிர்லிங் மாஸ் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப்பை ஓட்டி ஜெயித்தார். அடுத்த வருஷம் லெ மான் 24 மணி நேரப் பந்தயம். ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான முல்சான் நேர்பாதையின் முடிவில் டிரம் பிரேக் கார்கள் முன்கூட்டியே காலை வைக்க, ஜாகுவார்கள் இன்னும் கொஞ்சம் தூரம் முழு வேகத்தில் போய்விட்டுப் பிறகுதான் மிதித்தன. டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் ஓட்டிய கார் முதலிடம். லெ மான் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அங்கே ஒரு காரை வேகமாக்கியது பிரேக்! எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

1955 ஜூன் 11. அதே லெ மான். மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். வந்திருந்தது. அசுர வேகம், ஆனால் பிரேக் இன்னும் டிரம்தான். அது போதாது என்று மெர்சிடிஸ் ஆட்களுக்கே தெரிந்திருந்தது. அதனால் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு பெரிய தகட்டை வைத்து, வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் அதை நிமிர்த்திக் காற்றைத் தடுக்கும்படி செய்திருந்தார்கள். அன்று மாலை டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் டி-டைப்பில் வந்த மைக் ஹாதார்ன், பிட்டில் நிறுத்துவதற்காக பிரேக் மிதித்தார். பின்னால் வந்த லான்ஸ் மேக்லின் தன் ஆஸ்டின்-ஹீலியை இடதுபக்கம் ஒடித்தார். அந்தப் பக்கம் பெருவேகத்தில் வந்துகொண்டிருந்த பியர் லெவேயின் மெர்சிடிஸ் அதன் மேல் ஏறிப் பறந்து, பார்வையாளர் கூட்டத்துக்குள் சிதறியது. லெவேயும் பார்வையாளர்கள் 80 பேருக்கு மேலும் செத்துப்போனார்கள். யார் குற்றம் என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. பிட்டுக்கும் பாதைக்கும் நடுவே தடுப்பே இல்லாதது பெரிய காரணம். பிரேக் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே பாதையில் ஒரே வேகத்தில் ஓடும் கார்கள், நிற்பதில் இவ்வளவு வித்தியாசமாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை அன்றைக்குப் பார்த்தார்கள்.

இனி மின்சாரக் கார். இதில் சூட்டைக் கொட்டாமல் திருப்பி எடுத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. மோட்டாரையே ஜெனரேட்டராக்கி வேகத்தைக் கரண்ட்டாக மாற்றி பேட்டரியில் போடுவது. சுருக்கமாக ரீஜென். எங்கள் பாஷையில் வாராக்கடன் வசூல்! 2019ல் வந்த போர்ஷே டைகான் இப்படி 265 கிலோவாட் வரை திரும்ப எடுக்கும். அன்றாட ஓட்டத்தில் பத்தில் ஒன்பது தடவை பிரேக் பேடு தொடவே தேவையில்லை என்று போர்ஷே சொன்னது.

அப்படியென்றால் தடத்தில் பிரேக் பிரச்சனையே இல்லையே? அங்கேதான் இடிக்கிறது. மேலே போட்ட கணக்கை எடுங்கள். 265 கிலோவாட்டில் நான்கைந்து விநாடி வசூல் செய்தால் கிடைப்பது கால் பங்குதான். மீதி முக்கால் பங்கும் இரும்பின் தலையில். அந்தக் கால் பங்கும் நிச்சயமில்லை. பேட்டரி நிறைந்திருந்தால் கரண்ட்டை வாங்கிக்கொள்ளாது. நாலு சுற்று வெறித்தனமாக ஓட்டி பேட்டரி சூடானாலும் வாங்காது. பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காரைவிட ஐந்நூறு அறுநூறு கிலோ கூடுதல் எடையோடு, உதவிக்கு ஆளில்லாமல் நிற்கும் பிரேக்கை நினைத்துப் பாருங்கள்.

அதனால்தான் தடத்துக்குப் போகிறவர்கள் முதலில் மாற்றுவது பேடையும் பிரேக் ஆயிலையும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிவிட்டால் அதே விதி 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி. ஆவியை அமுக்கினால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது. பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர் எல்லாம் அதற்கப்புறம்.

நடுவில் ஒரு வேடிக்கை. 2018 மே மாதம் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை, டெஸ்லா மாடல் 3 மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி எடுக்கிறது, ஆகவே இதைப் பரிந்துரைக்க மாட்டோம் என்று எழுதியது. சில நாட்களில் டெஸ்லா இணையம் வழியாக ஒரு மென்பொருள் அனுப்பியது. அதே கார் 133 அடியில் நின்றது. ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை! நல்ல விஷயம்தான். ஆனால் விற்ற பிறகு.

இப்போது நண்பனின் பிளேய்ட். 2021 ஜூனில் விற்பனைக்கு வந்தது. மணிக்கு 200 மைல், அதாவது 322 கி.மீ. போகும் என்று விளம்பரம். கையில் கிடைத்த காரோ 262 கி.மீ.யில் மென்பொருளால் கட்டிப்போடப்பட்டிருந்தது. ஓட்டிப் பார்த்த பல விமர்சகர்கள் சொன்னது, இவ்வளவு சக்திக்கு இந்தப் பிரேக் பற்றாது. பிறகு டெஸ்லாவே கார்பன் செராமிக் டிஸ்க் கிட்டை 20,000 டாலர் விலையில் அறிவித்தது. கார்பன் நாரும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்த இந்த டிஸ்க், இரும்பில் பாதி எடைதான் இருக்கும், சூட்டுக்கு அசராது. 2001லேயே போர்ஷே தன் 911 ஜிடி2வில் வைத்து விற்றது. புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, செலவுதான். 2023ல் இந்த பிரேக்கும் தனி டயரும் சேர்ந்த டிராக் பேக்கேஜ் வந்த பிறகே 322 கி.மீ. நிஜமானது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் 2021ல் 7 நிமிடம் 35.579 விநாடி எடுத்த பிளேய்ட், 2023ல் இந்தப் பேக்கேஜோடு 7 நிமிடம் 25.231 விநாடியில் சுற்றியது. பத்து விநாடி மிச்சம். டயருக்கும் அதில் பங்கு உண்டு.

வேகத்தை 2021ல் வருமானமாக எழுதினார்கள். அதற்கான பிரேக்கை 2023ல், அதுவும் வாங்கியவர் பெயரில் பற்று எழுதினார்கள். எங்கள் புரொபசர் இந்தக் கணக்குக்கு மார்க் போட மாட்டார்.

இதில் இன்னொரு கூத்து. தெருவில் ஓடும் மின்சாரக் கார்களுக்கு நேர் எதிரான வியாதி. ரீஜென் எல்லா வேலையையும் செய்துவிடுவதால் டிஸ்க் சும்மா கிடந்து துருப்பிடிக்கிறது. அதனால் ஃபோக்ஸ்வாகன் 2020ல் ஐடி.3 காரின் பின்சக்கரங்களில் என்ன வைத்தது தெரியுமா? டிரம்! 1953ல் லெ மானில் தோற்றுப்போன அதே டிரம். மூடியிருப்பதால் துரு பிடிக்காதாம்.

தடத்தில் இதன் மறுகோடிக்குப் போனவர்கள் ஃபார்முலா ஈ ஆட்கள். 2023 சீசனில் வந்த ஜென் 3 காரில் முன்னே 250, பின்னே 350, ஆக 600 கிலோவாட் ரீஜென். பந்தயத்தில் செலவாகும் ஆற்றலில் கிட்டத்தட்ட 40 சதவீதம் பிரேக் பிடிப்பதிலிருந்தே திரும்பக் கிடைக்கும். இந்த தைரியத்தில் பின்சக்கரங்களுக்கு ஹைட்ராலிக் பிரேக்கே வேண்டாம் என்று வடிவமைத்தார்கள். அந்த வருஷம் பிப்ரவரியில் ஹைதராபாத் தெருக்களில் ஓடியதும் இந்தக் கார்தான். ஓட்டுநர்கள் கேட்ட கேள்வி ரொம்ப எளிது: மின்சாரம் திடீரென்று போனால்? பின்சக்கரங்களுக்கு அவசரத்துக்கென்று ஒரு பிரேக்கைப் பிறகு சேர்த்தார்கள்.