செலாயாங் வெந்நீர் ஊற்றும் கோம்பாக் குவார்ட்ஸ் முகடும்: ஒரு மறுவாசிப்பு

மலேசியாவின் செலாயாங் வெந்நீர் ஊற்றைப் பற்றி எழுதுவோரிடையே ஒரு விளக்கம் மறுபரிசோதனை இன்றித் தொடர்ந்து வருகிறது. தித்திவாங்சா மலைத்தொடரின் கிரானைட் தன்னுள் தேக்கியிருக்கும் வெப்பமே ஊற்று நீரைச் சூடாக்குகிறது. கோம்பாக் குவார்ட்ஸ் முகடும் அதே வெப்பம் விட்டுச்சென்ற தடம். ஆகவே இரண்டும் ஒரே நிகழ்வைச் சேர்ந்தவை என்பது அதன் சாரம். வரைபடத்தில் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு இது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் முகட்டையும் ஊற்றையும் இணைப்பது உடைந்த பாறையின் வழிகள்தாம். வெப்பத்தில் அவற்றுக்கு உறவில்லை என்பதே என் வாதம்.

'கிரானைட்டின் வெப்பம்' என்ற சொல்லில் இரு வேறு கருத்துகள் கலந்து கிடக்கின்றன. முதலாவது, பாறைக்குழம்பு உறைந்தபோது எஞ்சிய வெப்பம். இதைக் கணக்கே மறுத்துவிடுகிறது. பத்து கிலோமீட்டர் தடித்த பாறைத்திரளும் வெப்பக் கடத்தலால் மட்டுமே சில பத்து லட்சம் ஆண்டுகளில் சுற்றுப்பாறையின் வெப்பநிலைக்கு இறங்கிவிடும். இங்குள்ள கிரானைட் உறைந்து 20 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. இரண்டாவது, யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கம் தரும் வெப்பம். இது உண்மையானது; இதன் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அது கிரானைட் பரப்பு முழுவதிலும் பரவியிருப்பது. ஓர் ஊற்று ஏன் இந்த இடத்தில் பீறிட வேண்டும் என்ற கேள்விக்கு அதனிடம் விடை கிடையாது.

முகட்டுக்கு வருவோம். புக்கிட் தாபூரை உள்ளடக்கி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும் இந்தக் குவார்ட்ஸ் சுவரைத்தான் பழைய வாசிப்பு தன் முதன்மைச் சான்றாக முன்வைக்கிறது. என் பார்வையில் அந்த வாசிப்புக்கு எதிரான வலுவான சான்றும் அதுவே. குவார்ட்ஸ் நீரில் கரையும் அளவு வெப்பத்தைப் பொறுத்தது. 250 டிகிரி செல்சியஸில் கரையும் அளவு, 100 டிகிரியில் கரைவதைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு. இவ்வளவு பெரிய சுவரை எழுப்பிய நீர், ஆவியாகாமல் ஆழத்தின் அழுத்தத்தில் அடைபட்டிருந்த, இன்றைய ஊற்று நீரைவிட மிகச் சூடான நீராக இருந்திருக்க வேண்டும். கொதிநிலைக்குக் கீழே வெளிவரும் செலாயாங் நீரை அதன் தொடர்ச்சி என்று கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை.

முகட்டின் உட்கட்டமைப்பும் கவனிக்கத்தக்கது. ஒன்றையொன்று ஊடறுக்கும் குவார்ட்ஸ் நரம்புகள் அங்கே தெளிவாகத் தெரிகின்றன. பிளவு திறந்தது, குவார்ட்ஸ் படிந்து அடைபட்டது, மீண்டும் உடைந்தது என்பதே அவற்றின் பொருள். இவை எல்லாவற்றையும் குளிரும் கிரானைட்டின் கடைசி நீரோடு முடித்துவிட இயலாது. பாறையை மறுபடி மறுபடி உடைத்த புவியோட்டு விசைகளும் இருந்தாக வேண்டும். இன்னொன்று: குவார்ட்ஸால் அடைபட்ட பிளவு நீருக்கு வழிவிடாது. எனவே இன்றைய நீர் முகட்டினூடே ஏறிவருவதாகக் கொள்ளத் தேவையில்லை. அதே காலத்திலோ பின்னரோ உண்டாகி, அடைபடாமல் எஞ்சிய பக்கவாட்டு விரிசல்களையே தேட வேண்டும். அந்த விரிசல்கள் எவை என்று சுட்டிக்காட்டும் அளவுக்கு என் வாதம் செல்லவில்லை.

அப்படியானால் சூடு எங்கிருந்து வருகிறது? ஆழத்திலிருந்து. புவியின் மேலோட்டில் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் ஏறுவது பொதுவான நிலை. மலையில் பெய்யும் மழை இரண்டு கிலோமீட்டர் ஆழம் இறங்கினாலே 80 டிகிரியை நெருங்கிவிடும். தனி அடுப்பு எதுவும் வேண்டாம். கெர்லிங், செலாயாங், செத்தாப்பாக், உலு லங்காட்டின் டூசுன் துவா ஆகிய வெந்நீர் ஊற்றுகள் அமைந்திருப்பது உயர்ந்த சிகரங்களில் அன்று, மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்திலும் அதை ஒட்டிய பள்ளங்களிலும்தான். 1,700 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலையில் இறங்கும் நீரின் அழுத்தம் தாழ்ந்த இடத்தில் வெளியேற வழி தேடுகிறது என்பதற்கு இந்த இட அமைவைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கந்தக வாடையை எரிமலையின் அடையாளமாகக் கொள்வோர் உண்டு. பாறையிலுள்ள கந்தகக் கனிமங்களே அதற்குப் போதும். சுமத்ராவின் எரிமலைகள் நீரிணைக்கு அப்பால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ளவை. அவற்றை இங்கே இழுப்பதில் பயனில்லை. தீபகற்பத்தின் பிளவுகள் என்றோ உறங்கிவிட்டன என்ற ஆட்சேபம் சற்று வலுவானது. 2007 நவம்பர் 30 முதல் புக்கிட் திங்கியில் பதிவான சிறு நில அதிர்வுகள் அந்த நம்பிக்கையைத் தளர்த்திவிட்டன. எனினும் நீர் ஓடுவதற்குப் பிளவு அசைய வேண்டியதில்லை, திறந்திருந்தால் போதும். ஆகவே என் வாதம் அந்த அதிர்வுகளைச் சார்ந்து நிற்கவில்லை.

இதைச் சோதிக்க வழி இருக்கிறது. ஊற்று நீரின் ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகள் உள்ளூர் மழைநீரோடு ஒத்துப்போக வேண்டும். ஹீலியம் ஐசோடோப்பு விகிதம் மேலோட்டுக்குரியதாக இருக்க வேண்டும். ஹீலியத்தில் மூடகத்தின் சாயல் தென்பட்டால் என் விளக்கம் வீழும். ஊற்றைச் சுற்றி வீடும் சாலையும் நெருங்கிவரும் செலாயாங்கில், புதிய அடித்தளத் தூண்கள் இறங்குவதற்கு முன்பே மழைக்காலத்திலும் வறண்ட மாதங்களிலும் நீர் மாதிரிகளை எடுத்துவிடுமாறு இத்துறையின் ஆய்வாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.