ஷிட்டாகே காளான்: தட்டுல இருக்கறது வேற, ஊசியில இருந்தது வேற

1/ "காளான் பொடி சாப்பிட்டா கேன்சர் போயிடும்" என்ற வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். அப்படிப் பேசப்படும் காளான்களில் ஒன்று ஷிட்டாகே. இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது? வாங்க, கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

2/ ஜப்பானிய மொழியில் 'ஷீ' ஒரு மரம், 'தாகே' என்றால் காளான். அந்தக் காலத்தில் மரக்கட்டையைக் கொத்தி வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். காற்றில் வரும் வித்து அதில் விழுந்து முளைத்தால் விளைச்சல். இல்லைன்னா போட்ட முதலும் போச்சு!

3/ ஏழை விவசாயிகள் அந்தக் கட்டையைக் கும்பிட்டு வேண்டுவதைப் பார்த்தார் கிசாகு மோரி என்ற மாணவர். 1940-களின் தொடக்கத்தில், சிறு மரத்துண்டுகளில் காளான் வித்தை வளர்த்துக் கட்டையில் செருகும் முறையைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு விளைச்சல் காற்றை நம்பியிருக்கவில்லை.

4/ அடுத்து ருசி. காய்ந்த ஷிட்டாகேவின் சுவைக்குக் காரணம் குவானிலேட் என்று 1957-ல் அகிரா குனினாகா கண்டறிந்தார். அது குளுட்டமேட்டோடு சேரும்போது சுவை பல மடங்கு கூடும். அதனால்தான் ஜப்பானியர்கள் கடற்பாசியோடு சேர்த்து சூப் வைக்கிறார்கள். ஊறவைத்த தண்ணீரையும் கொட்ட மாட்டார்கள். நமக்கு என்ன லாபம்? உப்பைக் குறைத்தாலும் ருசி குறையாது. பிபி இருப்பவர்கள் கவனிக்கவும்.

5/ நார்ச்சத்து உண்டு, கொழுப்பு மிகக் குறைவு. வெயிலில் காயவைத்தால் வைட்டமின் டி-யும் கூடும். ஆனால் நன்றாக வேகவைங்க. அரைவேக்காட்டில் சாப்பிட்ட சிலருக்குச் சாட்டையால் அடித்ததுபோல் உடம்பெல்லாம் தடிப்பு வரும். 1977-லேயே ஜப்பானில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

6/ இப்போ கேன்சர் விஷயம். 1969-ல் கோரோ சிஹாரா குழுவினர் ஷிட்டாகேவிலிருந்து லென்டினான் என்ற பொருளைப் பிரித்து எடுத்தார்கள். எலிகளில் கட்டிகள் சுருங்கின. 1985-ல் ஜப்பான் அதை மருந்தாக அனுமதித்தது. எப்படி? சுத்திகரித்த ஊசியாக. யாருக்கு? இரைப்பைப் புற்றுநோயாளிகளுக்கு. அதுவும் கீமோதெரபியோடு சேர்த்து, துணை மருந்தாக மட்டும்.

7/ கவனிச்சீங்களா? அதைக் கண்டுபிடித்த நாடே கீமோவை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கவில்லை. வாய்வழி சாப்பிட்டால் லென்டினான் ரத்தத்தில் சேர்வதும் மிகக் குறைவு. வாட்ஸ்அப்பில் வரும்போது 'ஊசி', 'துணை' என்ற இரண்டு சொற்களும் காணாமல் போய்விட்டன.

8/ காளானைக் குழம்பில் போடுங்க, சூப் வைங்க, ருசிச்சுச் சாப்பிடுங்க. ஆனால் பொடியை நம்பி சிகிச்சையைத் தள்ளிப் போடாதீங்க. ஆரம்ப நிலையில் குணமாக்கக்கூடிய கட்டி, நாம் தள்ளிப் போடும் மாதங்களில் கைமீறிப் போய்விடும்.