ஆண்டவர்களும் எடுத்தாண்டவர்களும்: ராயபுரத்திலும் மணிலாவிலும் ஐபீரியச் சுவடுகள்

பிலிப்பைன்ஸ் பண்பாட்டைப் பற்றிய எழுத்துகளில் ஒரு கணக்கு திரும்பத் திரும்ப வரும். 1565இல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி செபூ தீவில் இறங்கினார். 1898இல் ஸ்பெயின் வெளியேறியது. 333 ஆண்டு ஆட்சி, ஆகவே அழியாத முத்திரை. ஆட்சி நீண்டால் தாக்கமும் ஆழமாகும் என்பது இக்கணக்கின் அடிப்படை. இதை உரசிப் பார்க்க வட சென்னையின் ராயபுரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. சாந்தோமில் போர்த்துகீசியர் 1520களில் குடியேறினர். ஆனால் ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கரை அவர்கள் ஆட்சிக்கு உட்பட்டதில்லை. 1580 முதல் 1640 வரை ஸ்பெயினும் போர்த்துகலும் ஒரே மன்னரின் கீழ் இருந்தன. மணிலாவுக்கும் சோழமண்டலக் கரைக்கும் வந்தது ஏறத்தாழ ஒரே கத்தோலிக்கப் பண்பாடு. மணிலாவுக்கு அது அரசின் முழுப் பலத்தோடு வந்தது. வட சென்னைக்கு அரசே இல்லாமல் வந்து சேர்ந்தது. இரண்டு கரையிலும் தங்கியவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால், எது நிலைக்கும் என்பதை ஆண்டவர்களைவிட எடுத்தாண்டவர்களே தீர்மானித்தார்கள் என்பது விளங்கும். இக்கட்டுரையின் வாதம் அதுவே.

ராயபுரத்தை ஒட்டிய காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன் நடப்பதிலிருந்து தொடங்கலாம். விசைப்படகு கரை சேர்ந்ததும் மீன் கூடைகூடையாகத் தரையில் கொட்டப்படுகிறது. சுற்றி நிற்பவர்கள் விலையை ஏற்றிக்கொண்டே போக, ஏலம் முடிகிறது. அந்த ‘ஏலம்’ போர்த்துகீசிய ‘லெய்லாவ்’ என்பதன் தமிழ் வடிவம். போர்த்துகீசியருக்கே அது அரபியிலிருந்து வந்தது. பண்டம் அடைக்கும் பீப்பாய், கிடங்கைத் திறக்கும் சாவி, ஆள்களை வேலை வாங்கும் மேஸ்திரி ஆகிய மூன்றும் அதே வழியில் வந்தவை. எல்லாமே துறைமுகத் தொழிலுக்கு உதவும் சொற்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிகூடத் தொடக்க காலத்தில் இக்கரையின் வணிக மொழியாகப் போர்த்துகீசியத்தையே நம்பியிருந்தது. கம்பெனிப் பாதிரிகள் அதைக் கற்க வேண்டும் என்று 1698ஆம் ஆண்டுப் பட்டயம் விதித்தது. அந்த மொழி சென்னைத் தெருவிலிருந்து மறைந்துவிட்டது. தொழிலாளி கையில் எடுத்த சொற்கள் மட்டும் மறையவில்லை. ‘ஏலம் எடுப்பது’, ‘ஏலம் விடுவது’ என்று தமிழ் வினைகளோடு கலந்துவிட்ட பிறகு அதை அயற்சொல் என்று நினைப்பவர் யாரும் இல்லை.

வழிபாட்டிலும் இதே போக்கைக் காண்கிறோம். சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் கொண்டு சேர்த்தவை மசூலா படகுகள். ஆணி அடித்த படகு இங்குள்ள அலையில் உடைந்து போகும். மசூலாவின் பலகைகள் கயிற்றால் தைக்கப்பட்டவை, அலை மோதும்போது வளைந்து கொடுப்பவை. அந்தப் படகுகளை ஓட்டிய சமூகத்தார் 1829இல் ராயபுரத்தில் எழுப்பியது புனித பேதுரு ஆலயம். சீடர்களில் அவர்கள் தேர்ந்துகொண்டவர் ஒரு மீனவர். அவரைத் தமிழ்க் கத்தோலிக்கர் அழைத்த பெயர் ராயப்பர். ஊர்ப் பெயரும் அதிலிருந்தே வந்தது என்பர். பவுல் என்பதற்கு இலத்தீனில் ‘சிறியவர்’ என்று பொருள். தமிழில் அவர் சின்னப்பர் ஆனார். யோவான் அருளப்பர் ஆனார். கொடியேற்றம், தேர், சப்பரம் என்று விழாவின் உடல் முழுவதும் தமிழ்க் கோயிலுடையது. வந்த மதம் இங்கே ஒரு தைத்த படகாக மாறியது: பலகை வெளியிலிருந்து வந்திருக்கலாம், தைத்த கயிறு இந்தக் கரையுடையது.

பிலிப்பைன்ஸுக்கு வருவோம். அங்குள்ள தகலோகு மொழியில் ‘மேசா’ மேசை, ‘பிந்தானா’ சன்னல்; இரண்டும் ஸ்பானியத்திலிருந்து வந்தவை. நம் மேசையும் அதே ‘மேசா’தான். ஆனால் ஆலயத்தைக் குறிக்கும் ‘சிம்பாகன்’, வழிபாட்டைச் சுட்டும் உள்நாட்டு வேரிலிருந்து பிறந்தது. ஆலயத்தைக் ‘கோயில்’ என்று நாம் சொல்வது போல. 1578இல் போர்த்துகீசியப் பாதிரியார் என்றீக்கே அடிகளின் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் தமிழில் அச்சானது. 1593இல் மணிலாவில் தகலோகு மறைநூல் அச்சானது. இரண்டு கரையிலும் வந்தவரே உள்ளூர் மொழிக்குள் நுழைய வேண்டியிருந்தது. நுழைந்ததும் பொருளின் மீது அவர்களது பிடி தளர்ந்தது. பிலிப்பைன்ஸ் வரலாற்றாசிரியர் ரெய்னால்டோ இலெட்டோ 1979இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான சான்று. தவக்காலத்தில் தகலோகு மக்கள் பாடிய கிறிஸ்துவின் பாடுகளே, ஏழை உழவர்களுக்கு ஸ்பெயினை எதிர்க்கும் மொழியைத் தந்தன என்று அவர் காட்டினார். பணிவைக் கற்பிக்கத் தந்த பாடல் விடுதலையின் பாடலாயிற்று.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். பிலிப்பைன்ஸ் மக்களில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர். ராயபுரத்தில் அவர்கள் ஒரு பிரிவினர். இந்த வேறுபாட்டை உண்டாக்கியது அரச பலமல்லவா என்பது முதல் மறுப்பு. பரப்பைப் பொறுத்தவரை அது உண்மை. 1849இல் ஆளுநர் கிளாவேரியா இட்ட ஆணையால் வந்த ஸ்பானியக் குடும்பப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. ஆனால் 1863ஆம் ஆண்டுக் கல்வி ஆணை பள்ளிக்குக் கொண்டுவந்த ஸ்பானிய மொழி மக்கள் மொழியாகவில்லை. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பில் ஆட்சிமொழித் தகுதியையும் இழந்தது. அரசால் ஒன்றைப் பரப்ப முடியும். அதை மக்களின் நாவில் நிறுத்த அரசால் மட்டும் முடியாது. இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது: எடுத்தாண்டதைப் புகழ்வது கொடுமையை மூடி மறைப்பதாகாதா? ஆண்டுக்கு 40 நாள் கட்டாய உழைப்பையும், 1872இல் மூன்று பிலிப்பைன்ஸ் பாதிரிகள் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டதையும், 1896இல் பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஒசே ரிசால் சுட்டுக் கொல்லப்பட்டதையும் எந்த வாதமும் மறைத்துவிடக் கூடாது. ஆனால் இன்று எஞ்சியிருப்பதை ஆண்டவர்களின் கொடை என்று எழுதும்போதுதான் கொடுமைக்கு நன்றி சொல்வதாகிறது. நெருக்கடியின் நடுவே மக்கள் தேர்ந்து, தைத்து, தமதாக்கியது என்று எழுதினால், உழைத்தவர்களுக்குரிய பெருமை அவர்களிடமே போய்ச் சேரும்.

இரண்டு கரைகளையும் இணைக்கும் ஒரு நிகழ்வு உண்டு. 1762இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ஆங்கிலேயப் படை மணிலாவைப் பிடித்து, 1764இல் திரும்பியது. அதிலிருந்த சென்னைச் சிப்பாய்களில் சிலர் திரும்பவில்லை; மணிலாவுக்கு அருகிலுள்ள கயின்டாவில் தங்கி, அவ்வூர்ப் பெண்களை மணந்து, அம்மக்களோடு கலந்தனர். அவர்களை அனுப்பிய ஆட்சி அங்கே இரண்டு ஆண்டுகூட நிற்கவில்லை. அவர்கள் வழிவந்தோர் இன்றும் அங்கே வாழ்கின்றனர்.