கினோஆட்டோமேட்: பட்டனை அழுத்திக் கதையை நகர்த்திய சினிமா



போன மாதம் எங்கள் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். பார்ப்பவரே அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும்படி ஒரு வீடியோ எடுக்க வேண்டும். ஐந்து இடத்தில் 'இதுவா, அதுவா?' என்று கேட்கலாம் என உற்சாகமாக முடிவு செய்தோம். ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் தலை சுற்றியது. ஒவ்வொரு கேள்விக்கும் கதை இரண்டாகப் பிரிந்தால் 2, 4, 8, 16, 32... ஆக 32 முடிவுகள், மொத்தம் 62 காட்சிகள்! எங்களிடம் இருந்ததோ ஒரு கேமராவும் ஒரு வாரமும். இதை முதலில் செய்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடினேன். அப்போது கிடைத்ததுதான் இந்தக் கதை.

1967-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் எக்ஸ்போ 67 என்ற உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே செக்கோஸ்லோவாக்கியா நாட்டின் அரங்கில் ஒரு சின்ன தியேட்டர். மொத்தம் 127 இருக்கைகள். ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு சிவப்புப் பட்டன், ஒரு பச்சைப் பட்டன். அங்கே ஓடிய படத்தின் பெயர் 'ஒரு மனிதனும் அவன் வீடும்'. இந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயர் கினோஆட்டோமேட். யோசனை ராடூஸ் சின்செரா என்பவருடையது. பார்வையாளர் தேர்ந்தெடுக்கும் உலகின் முதல் சினிமா என்று இதைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள்.

படம் ஒன்பது இடத்தில் நிற்கும். உடனே படத்தின் கதாநாயகன் நோவாக்காக நடித்த மிரோஸ்லாவ் ஹொர்னிசெக், நிஜ மனிதராகவே மேடைக்கு வருவார்! துண்டு மட்டும் கட்டிக்கொண்டு, தன் வீட்டுக் கதவு பூட்டிக்கொண்டதால் வெளியே மாட்டிக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண்ணை, மனைவி வரும் நேரத்தில் நோவாக் உள்ளே விடலாமா வேண்டாமா? இப்படிக் கேட்பார். எல்லாரும் பட்டனை அழுத்துவார்கள். திரையைச் சுற்றி அவரவர் இருக்கை எண் சிவப்பிலோ பச்சையிலோ எரியும். எந்தப் பக்கம் அதிகமோ அந்தக் காட்சி ஓடும்.

ஒன்பது கேள்வி என்றால் எங்கள் கணக்குப்படி 512 முடிவுகள் வேண்டுமே? இல்லை. இங்கேதான் சூட்சுமம். கதை இரண்டாகப் பிரியும், அடுத்த கேள்வி வருவதற்குள் மறுபடி ஒன்றாகச் சேர்ந்துவிடும். கம்ப்யூட்டரும் கிடையாது. இரண்டு புரொஜெக்டர்கள் ஒரே வேகத்தில் சேர்ந்து ஓடும். ஆபரேட்டர் ஓட்டு முடிவைப் பார்த்து ஒன்றின் லென்ஸை மூடி, மற்றதைத் திறப்பார். அவ்வளவுதான்!

இன்னொரு விஷயம். படத்தின் ஆரம்பத்திலேயே வீடு பற்றி எரிகிறது. நடந்தது என்ன என்று நோவாக் அதன் பிறகுதான் சொல்லத் தொடங்குகிறார். நீங்கள் எந்தப் பட்டனை அழுத்தினாலும் கடைசியில் அந்த வீடு எரியத்தான் போகிறது. இது பணத்தை மிச்சப்படுத்தும் வழி மட்டும் இல்லை. ஓட்டுப் போடுவதைப் பற்றிய கிண்டலாகவே சின்செரா இதை வைத்தார். அவர் நாட்டில் அப்போது தேர்தல் என்றால் ஒரே வேட்பாளர் பட்டியல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1968-ல் சோவியத் தலைமையில் படைகள் அந்த நாட்டுக்குள் நுழைந்தன. 1971-ல் பிராக் நகரத்து தியேட்டரில் படம் திரையிடப்பட்டு நல்ல கூட்டம் வந்தது. 1972-ல் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி அதைத் தடை செய்தது. சின்செரா 1999-ல் இறந்துபோனார். பிறகு அவர் மகள் அலெனாதான் படத்தை மீட்டுத் திரும்ப மக்களுக்குக் காட்டினார்.

2018-ல் நெட்ஃபிளிக்ஸ் 'பேண்டர்ஸ்னாட்ச்' என்ற தேர்வுப் படத்தை வெளியிட்டபோது புதுமை என்று எல்லாரும் பேசினார்கள். 2025-ல் அதையே தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. ரீலில் இருந்த 1967 படம் பிழைத்துக்கொண்டது, இது போய்விட்டது. வேடிக்கைதான்!

எங்கள் வீடியோவுக்கு வருவோம். "எதை அழுத்தினாலும் ஒரே முடிவு என்றால் அது பார்ப்பவரை ஏமாற்றுவது இல்லையா?" என்று குழுவில் பெரிய சண்டை. எனக்கு இப்படித் தோன்றுகிறது: சின்செரா ஏமாற்றவில்லை. வீடு எரிவதை முதலிலேயே காட்டிவிட்டார். ஏமாற்றுவது என்பது அதை மறைத்துவிட்டு, உன் கையில்தான் எல்லாம் என்று சொல்வது.

கடைசியில் நாங்கள் செய்தது இது: நான்கு கேள்விகளில் கதை பிரிந்து சேரும். ஐந்தாவதில் மட்டும் நிஜமாகவே இரண்டு முடிவுகள். 62 காட்சிகள் பத்தாகக் குறைந்தன. அந்த ஒரு பட்டனாவது உண்மையாக இருக்கட்டும் என்று நினைத்தோம்.